ஐந்து வயதுக்கு மேல்

ஐந்து வயதைத் தாண்டிய மனிதர்கள் மேல் ஆயாம்மாவுக்கு மரியாதை கிடையாது. அதற்குக் கீழே இருப்பவர்கள் அழுவார்கள், கடிப்பார்கள், படுத்த இடத்திலேயே நனைத்துவிடுவார்கள். ஆனால் செய்ததை வேறொன்றாகக் காட்டிக்கொள்ளத் தெரியாது. அதற்கு மேலே போனவர்களும் செய்வது அதே மூன்று காரியம்தான், சட்டை மாட்டிக்கொண்டு செய்கிறார்கள் என்பது அவள் கணிப்பு. இருபத்து நான்கு வருஷமாகக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறவள் சொல்வதால் யாரும் எதிர்த்து வாய் திறப்பதில்லை.

காப்பகம் ஒரு பழைய ஐஸ் தொழிற்சாலையின் கீழ்த்தளம். சுவரில் இன்னும் ஈரம் ஊறும். இருபது பாய், இருபது குவளை, இருபது ஆணி. ஆணிக்கு ஒரு துணிப்பை, பைக்குள் மாற்றுடுப்பு. தையல் கூடங்களுக்கும் கிடங்குகளுக்கும் போகிற தாய்மார்கள் காலை ஏழரைக்கு விட்டுவிட்டு மாலை ஆறுக்குக் கூட்டிப்போவார்கள். நடுவில் இருக்கும் நேரம் ஆயாம்மாவுடையது. அவளிடம் ஒரு நோட்டு உண்டு. எந்தக் குழந்தை எத்தனை வாய் தின்றது, எவ்வளவு நேரம் தூங்கியது, எத்தனை தடவை நனைத்தது, எதற்கு அழுதது என்று எழுதிவைத்து மாலையில் தாயிடம் வாசித்துக் காட்டுவாள். நிறைந்த நோட்டு பரணுக்குப் போகும். பரணில் ஐம்பதுக்கு மேல் கிடந்தன. யாருக்கும் வேண்டாத சரித்திரம். எலிகூடத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை நகம் வெட்டும் நாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளையை மடியில் இருத்தி, இரண்டு முழங்காலுக்கும் நடுவே அதன் காலை இடுக்கிக்கொள்வாள். பிள்ளையின் கை அவள் இடது கைக்குள் இருக்கும். வலது கையில் நகவெட்டி. சுண்டு விரலில் ஆரம்பித்துக் கட்டை விரலில் முடிப்பாள். அந்த நேரத்தில் அவள் குரல் வேறு குரல். தெருவில் அவளைத் தெரிந்தவர்கள் கேட்டால் நம்ப மாட்டார்கள்.

“ஒருத்தன் யாருன்னு தெரியணும்னா அவன் கைய நகவெட்டிகிட்ட குடுத்துப் பாருங்க” என்பாள் உதவிக்கு இருக்கும் பெண்ணிடம். “கல்யாணத்துக்கு முன்னால நான் அதைச் செஞ்சிருக்கணும்.” புருஷன் என்று ஒருத்தன் இருந்தான். ஐந்து வயதுக்கு மேற்பட்டவன். அவனைப் பற்றிச் சொல்ல அவளிடம் அதற்கு மேல் இல்லை.

போன வருஷம் மாடிக்கு ஒரு திட்டம் வந்து சேர்ந்தது. இளைஞர்கள் தெருக் கும்பல்களில் சேராமல் தடுக்கும் திட்டம். ஒரு ஆலோசகர், ஒரு புரொஜெக்டர், அறுபது நாற்காலி, நாலு பெட்டி பிஸ்கட். ஆலோசகருக்கு முப்பது வயதிருக்கும். கழுத்தில் தன் படத்தையே மாட்டித் தொங்கவிட்டிருந்தார், காணாமல் போனால் கண்டுபிடிப்பதற்கு என்று ஆயாம்மா நினைத்தாள். பிஸ்கட் தின்ன வந்த பையன்களின் எண்ணிக்கையை எழுதி, இத்தனை பேரைச் சென்றடைந்தோம் என்று மேலிடத்துக்கு அனுப்பினார். பிஸ்கட்தான் சென்றடைந்தது.

முதல் மாதத்தில் தெரு முழுக்க சுவரொட்டி ஒட்டினார்கள். கறுப்புப் பின்னணியில் மண்டையோடு, நீளமான கத்தி, முனையில் மூன்று சொட்டு ரத்தம். ‘கும்பல் உன்னை விழுங்கும்.’ ஒரே வாரத்தில் பாதி சுவரொட்டிகளைக் காணோம். பையன்கள் பதமாகக் கிழித்துக்கொண்டு போய்த் தங்கள் படுக்கைக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். கும்பல்காரனே முன்னின்று அச்சடித்திருந்தாலும் இவ்வளவு அழகாக வந்திருக்காது.

“சார், அந்தப் படத்துல இருக்கிற கத்தி எந்தக் கடையில கிடைக்கும்னு பசங்க கேக்கறாங்க” என்றாள் ஆயாம்மா, மாடி பெருக்கப் போனபோது.

“அது ஒரு குறியீடும்மா. பார்த்தா பயம் வரணும்.”

“பயம் வந்த மாதிரி தெரியல. ஆசை வந்திருக்கு.”

“அப்ப வேற என்ன படம் போடலாம்ங்கறீங்க?”

“அவனுங்க மூக்கு ஒழுகிட்டு நிக்கற படம் போடுங்க. விவரம் வேணும்னா கீழ வாங்க, என்கிட்ட இருக்கு.”

ஆலோசகர் சிரிக்கவில்லை. ‘சமூகத்தின் கருத்து’ என்று தலைப்பிட்டு எழுதிக்கொண்டார்.

கும்பல் என்பது நாலாம் நம்பர் பேருந்து நிறுத்தத்தில் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை உட்கார்ந்திருக்கும் ஏழெட்டுப் பேர். எந்தப் பேருந்திலும் ஏற மாட்டார்கள். அவர்களுக்குத் தலைவன் பிளேடு. இருபத்து மூன்று வயது. பெஞ்சில் உட்கார மாட்டான், அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து, மற்றவர்கள் உட்காரும் இடத்தில் காலை வைத்துக்கொள்வான். எங்கோ இருக்கும் ஒரு பெரிய மனிதனுக்காகக் கடைக் கண்ணாடி உடைப்பது, சாட்சி சொல்லப் போகிறவன் வீட்டு வாசலில் போய்ச் சும்மா நிற்பது, இவைதான் தொழில். அந்தப் பெரிய மனிதனுக்குப் பிளேடின் பேர்கூடத் தெரியாது. புதிதாகச் சேர்கிறவனுக்கு இடது முன்கையின் உட்புறம் பிளேடால் மூன்று கோடு கிழிப்பார்கள். ஆறின பிறகு தழும்பு நிற்கும். அதைக் காட்டினால் டீக்கடையில் இடம் விடுவார்கள். வேலை கேட்டுப் போன இடத்தில் கதவைச் சாத்துவார்கள்.

போன மழைக்காலத்தில் மூன்று கோடு போட்டுக்கொண்டவன் ஒருத்தன் கால்வாயில் பிணமாகக் கிடந்தான். பதினேழு வயது. அன்று மாலை ஆயாம்மா பரணில் ஏறி அவனுடைய பக்கத்தைத் தேடி எடுத்தாள். ‘மத்தியானம் சிரித்துக்கொண்டே எழுந்தான்’ என்று அவள் கையெழுத்தில் இருந்தது. நோட்டைத் திரும்பக் கட்டி வைத்தாள்.

பிளேடும் அவள் வளர்த்தவன்தான். இரண்டரை வயதிலிருந்து ஐந்து வரை. அவளைக் கண்டால் இப்போதும் பெஞ்சிலிருந்து காலைக் கீழே போடுவான். அவளுக்கு அது ஒரு கணக்கே இல்லை. கும்பல் முழுவதுமே அவளுக்குத் துடைத்துவிட்ட மூக்குகளின் வரிசை. அவளுக்குத் தூக்கம் கெட்டது அவர்களால் இல்லை. அக்கா மகனால்.

அக்கா செத்துப்போனபோது அவனுக்கு ஏழு வயது. தூரத்து உறவுக்காரர் ஒருவர் அவனைப் பேருந்தில் ஏற்றி, மடியில் ஒரு பையை வைத்து, கண்டக்டரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். ஆயாம்மா நிலையத்துக்குப் போய் இறக்கிக்கொண்டாள். “ஒரு பார்சல் வந்திருக்கு” என்றாள் வீட்டுக்குக் கீழே சைக்கிள் கடை வைத்திருந்தவரிடம். அவர் சிரித்தார். பேர் ஒட்டிக்கொண்டது.

ஏழு வயது. அவள் எல்லையை இரண்டு வருஷம் தாண்டி வந்திருந்தான். சோறு, துணி, பள்ளிக்கூடம், காய்ச்சலுக்கு மருந்து, எதிலும் அவள் குறை வைக்கவில்லை. வார்த்தையில் மட்டும் சிக்கனம் இல்லை. காற்பந்து அணியில் சேர்க்கவில்லை என்று வந்து நின்றால், “என்ன பார்சல், இன்னிக்கும் யாரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலியா?” என்பாள். பரீட்சையில் தவறினால், “முகவரி தப்பாப் போயிடுச்சு போல.” சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வரும். நாக்கு அப்படி ஓடும். பையன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவான். ரோஷம் வந்து திருந்துவான் என்பது அவள் எண்ணம். ஒன்பது வருஷத்தில் வரவில்லை. இன்னும் கொஞ்சம் உறைப்பாகச் சொன்னாள்.

இப்போது பதினாறு. இரண்டு மாதமாக நாலாம் நம்பர் நிறுத்தத்தில் நிற்கிறான். உட்கார இன்னும் இடம் தரவில்லை.

ஒரு புதன்கிழமை மாடி மேஜையைத் துடைக்கும்போது திறந்து கிடந்த கோப்பில் அவன் கையெழுத்தைப் பார்த்தாள். திட்டத்தின் கேள்வித்தாள். இருபத்தெட்டுக் கேள்வி. ‘இரவில் எத்தனை மணிக்கு வீடு திரும்புவாய்’, ‘நண்பர்களில் எத்தனை பேர் பள்ளியை விட்டவர்கள்’ என்று ஒழுங்காகப் போனது. பதினான்காம் கேள்வி: ‘வீட்டில் உன்னை யாராவது அவமானப்படுத்துகிறார்களா?’ கீழே மூன்று கட்டம். ஒருபோதும் இல்லை. எப்போதாவது. தினமும். தினமும் என்ற கட்டத்தில் இரண்டு தடவை குறி போட்டிருந்தான். இரண்டாவது தடவை தாள் கிழிந்திருந்தது.

“தினமும்னா ஞாயித்துக்கிழமையும் சேத்தியா” என்றாள் வாய்க்குள். வழக்கம்போல் சிரிப்பு வரும் என்று பார்த்தாள். வரவில்லை. துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள்.

ஆலோசகர் வந்து கோப்பை மூடினார். “அது ரகசியம்மா. ஆனா நீங்க வீட்டுக்காரங்கன்னு சொல்றேன். உங்க பையனுக்கு இருபத்தியோரு மதிப்பெண். உச்ச ஆபத்து.”

“பள்ளிக்கூடத்துல இவ்வளவு வாங்கினதில்ல. சரி, அதுக்கு என்ன செய்யப் போறீங்க?”

“மூணு அமர்வு உண்டு. முடிஞ்சதும் சான்றிதழ் தருவோம்.”

“அதக் கொண்டுபோய்க் காட்டினா பிளேடு விட்டுடுவானா?”

“பிளேடுன்னா யாரும்மா?” என்றார் ஆலோசகர். ஒரு வருஷமாக அதே தெருவில் வேலை பார்க்கிற மனிதர்.

சாயங்காலம் தம்பியைக் கூட்டிப்போக வந்த பெண் ஒருத்தி, அவளும் இந்தப் பாயில் படுத்து எழுந்தவள்தான், காதருகே குனிந்து சொன்னாள்: “ஆயாம்மா, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு உங்க பார்சலுக்குக் கோடு போடறாங்களாம். பழைய தண்ணித் தொட்டிகிட்ட.”

உங்க பார்சல். தெரு முழுக்க அதுதான் பேர் போலிருக்கிறது.

வியாழக்கிழமை காலை பிள்ளைகளை உதவிப் பெண்ணிடம் விட்டுவிட்டு, பரணிலிருந்து ஒரு நோட்டை இறக்கித் தூசி தட்டி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு நாலாம் நம்பர் நிறுத்தத்துக்குப் போனாள். ஒன்பதரை. பெஞ்சின் முதுகில் பிளேடு. சுற்றிலும் கூட்டம். ஓரத்தில் கம்பத்தில் சாய்ந்து அக்கா மகன். அலுவலகம் போகிறவர்கள் ஏழெட்டுப் பேர் தள்ளி நின்றார்கள்.

பிளேடு காலைக் கீழே போட்டான். “வாங்க ஆயாம்மா. எந்த பஸ்ஸு?”

“பஸ்ஸுல ஏறத் தெரிஞ்சவங்களக் கேளு அத. உனக்கு ஒண்ணு வாசிச்சுக் காட்டலாம்னு வந்தேன். உங்கம்மா அவசரத்துல சரியாக் கேக்காமயே போயிடுவா.” நோட்டைப் பிரித்தாள். காப்பகத்தில் தாய்மாருக்கு வாசிக்கிற அதே குரலில் ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தாள். “திங்கள். பால் அரைக் குவளை. இரண்டு முறை நனைத்தான். செவ்வாய். என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். விரலை எடுத்ததும் எழுந்து அழுதான். வெள்ளி. நகவெட்டியைப் பார்த்ததும் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டான். வெளியே இழுத்ததும் நனைத்தான். நகம் வெட்டவில்லை.” பக்கத்தைத் திருப்பினாள். “அடுத்த வெள்ளி. நகம் வெட்டவில்லை. நனைத்தான். அதுக்கடுத்த வெள்ளி...”

ஒருவன் மூக்கு வழியாகச் சிரித்தான். அதை அடக்கப் போய் இன்னொருவனுக்குப் பொத்துக்கொண்டது. பஸ்ஸுக்கு நின்றவர்களும் சிரித்தார்கள். பிளேடும் கூடச் சேர்ந்து சிரித்துப் பார்த்தான்.

“சின்ன வயசுல எல்லாரும் அப்படித்தான ஆயாம்மா.”

“எல்லாரும் இல்லடா. அந்தா நிக்கறானே நெட்டையன், அவன் ரெண்டு வயசுல தானே கைய நீட்டுவான்.” நெட்டையன் தன்னை அறியாமல் நிமிர்ந்தான். “நீதான் இப்ப ஊரான் கையில கோடு கிழிக்கறியாமே. உன் கையில யாருடா கிழிச்சது? சட்டையத் தூக்கு, பாக்கலாம்.”

பிளேடு எப்போதும் முழுக்கைச் சட்டை போடுகிறவன். அதை அதுவரை யாரும் யோசித்ததில்லை. இப்போது எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

“என் கையில எதுக்கு? நான்தான போடறவன்.”

“அதான பாத்தேன். மேஜைக்கு அடியிலேர்ந்து இன்னும் நீ வெளிய வரலியேடா.”

சிரிப்பு இப்போது அடங்குகிற சிரிப்பாக இல்லை. நெட்டையன் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்துவிட்டான். ஆயாம்மா நோட்டை மூடினாள். ஒரு வருஷம் படம் காட்டிச் சாதிக்காததை இரண்டு பக்கத்தில் முடித்தாயிற்று என்ற திருப்தியோடு அக்கா மகனைப் பார்த்தாள். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

பிளேடு பெஞ்சிலிருந்து இறங்கினான். முகம் சிவந்திருந்தது. குரல் மட்டும் நிதானமாக வந்தது.

“சரி ஆயாம்மா. நனைச்சேன். ஒத்துக்கறேன். உங்க அக்கா பையன நாங்க இங்க என்னன்னு கூப்பிடறோம் தெரியுமா? தம்பின்னு. நீங்க என்னன்னு கூப்பிடறீங்க?”

ஒரு பேருந்து வந்து நின்றது. ஏற வேண்டியவர்களும் ஏறவில்லை. இருபத்து நான்கு வருஷமாக யாருக்கும் பதில் பாக்கி வைக்காத வாய். ஆயாம்மா நோட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். “பிள்ளைங்க எந்திரிச்சிருக்கும்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தாள். பிள்ளைகள் மத்தியானம்தான் தூங்கும் என்பது அங்கே நின்ற பாதிப் பேருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை நிறுத்தத்தின் கூரையிலிருந்து யாரோ நூலில் ஒரு நகவெட்டியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பிளேடு அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. பெஞ்சில் பாட்டிமார் இருவர் சாவகாசமாகக் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் ஆயாம்மாவை நிறுத்தி நிறுத்திப் பாராட்டினார்கள். அவளுக்கு அந்தப் பாராட்டும் பிடிக்கவில்லை. இத்தனை நாள் காலை மடக்கிக்கொண்டு வழிவிட்ட ஜனம்தானே இது.

சனிக்கிழமை மாலை அதே பெண் வந்தாள். “பிளேடு ஆறாம் நம்பர் ஸ்டாப்புக்கு மாறிட்டான் ஆயாம்மா. கூட ரெண்டே பேருதான். ஆனா நாளைக்கு நாலு மணி மாறலியாம். இப்ப ஒரு கையிலயாவது கோடு போட்டே ஆகணும்னு நிக்கறான். இல்லன்னா அவனோட பேரு அவ்வளவுதானே.”

அதாவது, அவள் போய்ச் சிரிக்க வைத்ததற்கு ஈடாக அவனுக்கு ஒரு கை தேவைப்பட்டது. அது எந்தக் கை என்றும் தெரிந்தது. மேஜையைத் துடைக்கிற துணியை அவள் பிழிந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. தன் கணிப்பில் தன்னையும் சேர்த்துக்கொள்ள அவள் இதுவரை மறந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்குப் பையன் குழாயடியில் நின்று இடது கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினான். துண்டால் ஒத்தினான். அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டான். வீடு என்பது ஒரு அறையும் சமையல் மூலையும்தான். எங்கே நின்றாலும் அடுத்தவர் தெரிவார்கள். ஆயாம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“சும்மா வெளிய.”

அவள் நாக்கில் மூன்று பதில் வரிசையில் நின்றன. கையைக் கழுவின லட்சணத்தைப் பற்றி ஒன்று. திருப்பி அனுப்பப்படும் பார்சலைப் பற்றி ஒன்று. மூன்றாவது அவள் வாழ்நாளிலேயே சிறந்ததாக இருந்திருக்கும். அது அவன் அம்மாவையும் இழுத்துக்கொண்டு வந்தது. மூன்றையும் விழுங்கினாள்.

பையன் செருப்பில் காலை நுழைத்தவன் நின்றான். அவளைப் பார்க்காமல் கேட்டான். “சித்தி, அந்த நோட்டுல என் பேரு எங்கயாவது இருக்கா?”

“நீ வரும்போது உனக்கு ஏழு...” என்று ஆரம்பித்தாள். மேலே போனால் என்ன வரும் என்று தெரிந்து நிறுத்தினாள். “இல்ல” என்றாள்.

அவன் தலையாட்டினான். எதிர்பார்த்ததுதான் என்பது போல. இன்னொரு செருப்பையும் மாட்டினான்.

ஆயாம்மா எழுந்து ஆணியில் தொங்கிய தன் வேலைப்பையைத் துழாவி நகவெட்டியை எடுத்தாள். தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“இங்க வா. கைய நீட்டு.”

“எதுக்கு?”

“நகம் வளந்திருக்கு.”

அவன் அவளையே பார்த்தான். கேலி எந்தப் பக்கமிருந்து வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. கீழே சைக்கிள் கடையில் யாரோ காற்றடித்தார்கள். செருப்போடு இரண்டடி வந்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் குந்தி உட்கார்ந்தான். வலது கையை நீட்டினான்.

“அது இருக்கட்டும். அந்தக் கை.”

கழுவின கை. சோப்பு வாசனை போகவில்லை. அவள் அதைத் தன் இடது கைக்குள் வைத்துக்கொண்டாள். பெரிய கை, பிடிக்குள் அடங்கவில்லை. விரல் விரலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. சுண்டு விரலில் ஆரம்பித்தாள். ஒரு விரலுக்கு மூன்று வெட்டு போதும். ஆறாக வெட்டினாள். நகம் தெறித்த இடத்தைப் பார்த்து, எடுத்து, தாளில் வைத்து, அடுத்ததற்குப் போனாள். பிள்ளைகளிடம் பேசுகிற குரலைத் தேடினாள். அது காப்பகத்தை விட்டு வெளியே வந்து பழகாத குரல், வரவில்லை. அடுத்த விரலைப் பிடித்தாள். முன்கையின் உட்புறம் அவள் முழங்கால் மேல் மல்லாந்து கிடந்தது. வெளுப்பாக, ஒரு கீறல் இல்லாமல்.

இடது கை முடிந்தது. அவன் கையை எடுத்துக்கொள்ளவில்லை. அவளே எடுத்து வைத்துவிட்டு வலது கையை வாங்கிக்கொண்டாள். கட்டை விரலை முடிக்கும்போது வெளியிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். இரண்டு தடவை. பையன் ஜன்னல் பக்கம் திரும்பினான். பிடித்திருந்த விரலை அவள் விடவும் இல்லை, இறுக்கவும் இல்லை.

விசில் மூன்றாவது தடவை கேட்டது. பிறகு நின்றது.

“மணி நாலு பத்து” என்றான்.

“ஆகட்டும்” என்றாள் ஆயாம்மா. “கால நீட்டு. அதுலயும் பத்து விரல் இருக்கு.”

அவன் பின்னால் சரிந்து, கைகளைத் தரையில் ஊன்றி, ஒரு காலை நீட்டினான். அந்தப் பாதத்தின் வாசனைக்கென்று அவள் நாக்கில் ஒரு வார்த்தை ஓடி வந்து நின்றது. சொல்லவில்லை. சுண்டு விரலைப் பிடித்தாள்.